பேர் உடன்குடி... பனை நம்ம கொல்லை!
பாரம்பரிய உணவுக்கு ஊர் முத்திரை எதற்கு? ஒரு பாடம்

போன ஆனி மாதம் திண்டிவனத்தில் என் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தார். விக்கிரவாண்டிக்குப் பக்கத்துக் கிராமம். மூட்டு வலிக்காக ஒரு வருஷமாக என்னிடம் மருந்து சாப்பிடுகிறவர். வீட்டுக்காரர் பனையேறி. நாடியெல்லாம் பார்த்து முடித்த பிறகு, மேஜை மேல் ஒரு பையை வைத்தார்.

"டாக்டரய்யா, உங்களுக்குன்னு எடுத்தாந்தேன். நல்ல சரக்கு."

பளபளப்பான பிளாஸ்டிக் பை. மேலே கொட்டை எழுத்தில் 'ஒரிஜினல் உடன்குடி கருப்பட்டி' என்று அச்சடித்திருந்தது.

"ஏம்மா, உடன்குடிக்கா போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அதெங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. இது நம்ம கொல்லைப் பனைதான். நானே காய்ச்சினது. வியாபாரி வந்து எடை போட்டு வாங்கிட்டுப் போயி இந்தக் கவர்லதான் போடறாரு. மிச்சமான கவரு நாலு குடுத்தாரு, அதுல ஒண்ணுல போட்டாந்தேன்."

ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டேன். நல்ல கருப்பட்டி. சீனி கலக்காத, அடிபிடிக்காத, பதமாகக் காய்ச்சிய சரக்கு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த நாக்கு இது. அந்த ருசி வேறு, இந்த ருசி வேறு. ஆனால் இதுவும் சுத்தமான சரக்குதான். அதில் சந்தேகமில்லை.

ஆக, உள்ளே இருந்தது நிஜம். மேலே போட்டிருந்த பேர்தான் பொய்.

'நல்ல கருப்பட்டிதானே, பேர் எதுவாக இருந்தால் என்ன?' என்று உங்களில் பலருக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யோசிக்க யோசிக்க, இந்த ஒரு பைக்குள் மூன்று பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. உடன்குடிப் பனையேறி ஏமாந்தார். காசு கொடுத்து வாங்கும் நீங்கள் ஏமாந்தீர்கள். எல்லோரையும் விட அதிகமாக ஏமாந்தது, தன் சரக்குக்குத் தன் ஊர்ப் பேரையே இழந்த இந்த அம்மா. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊர்ப் பேருக்கு ஒரு சட்டமா?

ஆமாம், இருக்கிறது. 'புவிசார் குறியீடு' என்று பேப்பரில் அடிக்கடி படித்திருப்பீர்கள். ஒரு பொருளின் தரமோ, புகழோ, தனிக்குணமோ அது விளைகிற அல்லது தயாராகிற இடத்தால் வருகிறது என்றால், அந்த ஊர்ப் பேரைச் சட்டப்படி பதிவு செய்து காப்பாற்றலாம். இதற்கான இந்தியச் சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15-ல் அமலுக்கு வந்தது. நாடு முழுவதற்குமான பதிவு அலுவலகம் எங்கே தெரியுமா? நம்ம சென்னை கிண்டியில்தான். முதன்முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை, 2004-ல்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வியாபார முத்திரையை, அதாவது டிரேட் மார்க்கை, ஒரு முதலாளி வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம். ஊர்ப் பேரை அப்படி விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. அது அந்த ஊரில் அந்தப் பொருளைத் தயாரிக்கிற எல்லோருக்கும் பொதுச் சொத்து. ஊர்க் குளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் எடுக்கலாம், யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது.

இந்த யோசனை நம் நாட்டில் பிறந்ததல்ல. பிரான்ஸ் நாட்டில் ரோக்ஃபோர் என்று ஒரு கிராமம். ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டியை அங்குள்ள குகைகளில் வைத்துப் பதப்படுத்துவார்கள். அந்த உரிமை அந்த ஊராருக்கே என்று 1411-ம் ஆண்டிலேயே ராஜா எழுதிக் கொடுத்துவிட்டார். 1925-ல் அதைச் சட்டமாகவும் ஆக்கிவிட்டார்கள்.

மஞ்சளும் பாசுமதியும் கொடுத்த அடி

நாம் விழித்துக்கொண்டது அடி பட்ட பிறகுதான். 1995-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, மஞ்சள் தூள் புண்ணை ஆற்றும் என்பதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் வீட்டில் குழந்தை விழுந்தால் பாட்டி முதலில் எதைத் தேடுவாள்? மஞ்சள் டப்பாவைத்தானே! நமது அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி வழக்காடியது. 1997-ல் அந்த உரிமை ரத்தானது.

அதே 1997-ல் டெக்ஸாஸ் மாநிலக் கம்பெனி ஒன்று பாசுமதி வகை அரிசிக்குக் காப்புரிமை வாங்கியது. இந்தியா எதிர்த்த பிறகு 2001-ல் அந்த உரிமையின் பெரும்பகுதி போனது. அப்போதுதான் ஒரு சங்கடம் நன்றாகப் புரிந்தது. உலக வர்த்தக ஒப்பந்தப்படி, சொந்த நாட்டில் பாதுகாக்கப்படாத ஊர்ப் பேரை வெளிநாடு பாதுகாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நம் வீட்டுக்கு நாமே கதவு போடவில்லை என்றால் அடுத்தவன் எதற்குக் காவல் இருப்பான்? பாசுமதிக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது 2016-ல்தான். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல்.

இந்த வழக்குகளில் நமக்குக் கை கொடுத்தவை பழைய ஏடுகளும் நூல்களும். பாட்டி சொன்னது வாய்ச் சொல்லாக இருக்கும்வரை கோர்ட்டில் செல்லாது. எழுதி வைத்தது செல்லும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிலம் மாறினால் குணம் மாறும்

மருந்து எழுதுகிற வைத்தியன் நான் ஏன் சட்டம் பேசுகிறேன்? காரணம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் சரக்கின் குணத்தைச் சொல்லும்போது நிலத்தையும் சேர்த்தே சொல்வோம். 'பதார்த்த குண சிந்தாமணி' என்ற நூல் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலங்களின் குணத்தைப் பேசுகிறது. ஆற்று நீர், குளத்து நீர், கிணற்று நீர் என்று தண்ணீரையே பிரித்துப் பிரித்துக் குணம் சொல்கிறது. மூலிகை பறிக்கும்போது சுடுகாட்டு நிலம், உவர் மண், புற்று ஓரம் இவற்றில் முளைத்ததைத் தொடாதே என்றுதான் எங்களுக்கும் பாடம் சொன்னார்கள்.

இன்றைய விஞ்ஞானமும் இதற்கு ஒத்துத்தான் வருகிறது. மண்ணில் உள்ள தாதுக்கள், தண்ணீரின் உப்பு, வெயில், மழை, செடி படும் கஷ்டம் இவற்றைப் பொறுத்து அதன் வாசனைப் பொருளும் காரமும் நிறமும் ஏறும், இறங்கும்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் பாடப்படும் நல்லியக்கோடன் ஆண்டது நம்ம ஓய்மா நாடு. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய ஊர். அந்த நூலில் பாணர் கூட்டம் நடந்து போகும் வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சாப்பாடு கிடைக்கிறது. மரக்காணம் பக்கம் என்று சொல்லப்படும் எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன். காட்டுப்பக்க வேலூரில் புளி சேர்த்த சோறும் இறைச்சியும். (இது கோட்டை உள்ள வேலூர் அல்ல, நம் பக்கத்து உப்புவேலூர் என்பார்கள்.) வயல் சூழ்ந்த ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும். ஒரு நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் சமையல் மாறியதை அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள்!

பட்டையில் ஒரு எச்சரிக்கை

ஊர்ப் பேர் வெறும் பெருமை இல்லை, சில நேரம் உடம்பு விஷயம் என்பதற்கு இலவங்கப்பட்டை நல்ல உதாரணம். சர்க்கரை குறையும் என்று யாரோ சொன்னார்கள் என்று தினமும் ஒரு ஸ்பூன் பட்டைத் தூளை வெந்நீரில் கலந்து குடிப்பவர்கள் என்னிடம் வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். "எந்தப் பட்டை?" என்று கேட்டால் முழிப்பார்கள்.

இலங்கைப் பட்டை மெல்லியது. காகிதம் போலப் பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சீனா, இந்தோனேஷியா, வியட்நாம் பக்கத்திலிருந்து வரும் கேசியா பட்டை. தடிமனாக, கட்டை மாதிரி ஒரே சுருளாக இருக்கும். இந்தக் கேசியாவில் 'கூமரின்' என்ற பொருள் அதிகம். இலங்கைப் பட்டையில் மிகமிகக் குறைவு. கூமரின் அளவு மீறினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். அதனால்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினம் 0.1 மில்லிகிராமுக்கு மேல் கூமரின் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. பிரியாணியில் ஒரு துண்டு போட்டால் பயமில்லை. மாதக்கணக்கில் ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிடுவதுதான் வம்பு.

'சிலோன் பட்டை' என்ற பேருக்கு 2022-ல் ஐரோப்பிய யூனியன் ஊர்க் காப்பு கொடுத்தது. இனி அங்கே கேசியாவை அந்தப் பேரில் விற்க முடியாது. பேரைக் காத்ததில் ஈரலுக்கும் ஒரு காப்பு கிடைத்தது, பார்த்தீர்களா?

பஞ்சாமிர்தம் முதல் கருப்பட்டி வரை

நம் மாநிலத்துக்கு வருவோம்.

பழனி பஞ்சாமிர்தம் 2019-ல் பதிவானது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதத்தில் முதல் முத்திரை இதற்குத்தான். வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், அதோடு பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பாரம்பரியமாக இதற்கு விருப்பாச்சி மலை வாழைதான் விசேஷம், அதில் தண்ணீர்ச் சத்து குறைவு. அந்த மலை வாழை 1970-களில் முடிக்கொத்து நோயால் கிட்டத்தட்ட அழியும் நிலைக்குப் போனது. விருப்பாச்சி, சிறுமலை வாழைகளும் தனியே ஊர் முத்திரை பெற்றிருக்கின்றன. பிரசாதத்தின் பேர் நிலைத்தால், அதற்கு வேண்டிய பழத்தைப் பயிரிட ஆள் இருக்கும். ஒரு பலகாரம் ஒரு விதையைக் காப்பாற்றும் கதை இது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019-ல் முத்திரை வந்தது. பாலும் சர்க்கரையும்தான், வேறு எதுவும் இல்லை. நிதானமாகச் சுண்டக் காய்ச்சுவதில்தான் சூட்சுமம். 2020-ல் கோவில்பட்டி கடலை மிட்டாய். கரிசல் காட்டுக் கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர். 2023-ல் மணப்பாறை முறுக்கு, ஊட்டி வர்க்கி, ராமநாதபுரம் முண்டு மிளகாய், மார்த்தாண்டம் தேன், அதோடு நாம் பேசிக்கொண்டிருக்கும் உடன்குடி பனங்கருப்பட்டி. 2025-ல் நம் பக்கத்து வீட்டுக்காரர்களான பண்ருட்டிப் பலாவும் பண்ருட்டி முந்திரியும்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு அப்படி என்ன விசேஷம்? அந்தப் பக்கம் தேரிக்காடு. செம்மணல், தண்ணீர் தட்டுப்பாடு. அதனால் பதநீர் கெட்டியாக இறங்கும் என்பார்கள். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவார்கள், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். வடிகட்டிக் காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி எடுப்பார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். அதற்குக் காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். அந்த உழைப்பைக் கணக்குப் போட்டால், சீனி விலைக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் 'கருப்பட்டி' விற்கிறவர் எதை விற்கிறார் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

முத்திரை எதைக் காக்கும்? எதைக் காக்காது?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது, அது பேரைக் காக்கும். பதிவான பேரை, அந்த எல்லைக்குள் அந்த முறையில் தயாரித்து, 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிவு செய்தவர்தான் போட்டுக்கொள்ளலாம். வெளியூர்ச் சரக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தப் பேரை ஒட்டினால் குற்றம்தான். விக்கிரவாண்டிக் கருப்பட்டியை உடன்குடி என்று விற்றது இந்தக் கணக்கில் வரும்.

இரண்டாவது, செய்முறையைக் காக்கும். விண்ணப்பத்தில் என்ன சேர்க்க வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யார் மேற்பார்வை செய்வார்கள் என்றும் சொல்ல வேண்டும். வாயால் வந்த பக்குவம் ஏட்டில் ஏறுகிறது.

மூன்றாவது, பேர் பொதுப்பேராகித் தேய்ந்துபோவதைத் தடுக்கும். 'மைசூர்பாகு' என்றால் மைசூரிலிருந்து வந்தது என்று இன்று யார் நினைக்கிறோம்? அது ஒரு ஸ்வீட்டின் பேராகிவிட்டது. ஓர் ஊர்ப் பேர் அந்த அளவுக்குத் தேய்ந்து பொதுப்பேராகிவிட்டால் பிறகு சட்டம் அதைப் பதிவு செய்யாது. தூங்கினவன் சொத்து போனது போனதுதான்.

இப்போது, எதைக் காக்காது?

அது உங்கள் உடம்புக்கு உத்தரவாதம் கொடுக்காது. உடன்குடிக் கருப்பட்டியாகவே இருக்கட்டும், அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். வெள்ளைச் சீனியில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் உண்டு, அவ்வளவே. "கருப்பட்டிதானே டாக்டர், சுகருக்கு ஒண்ணும் பண்ணாதே" என்று தினம் நாலு காப்பி குடித்துவிட்டுக் கால் புண்ணோடு வருகிறவர்களைப் பார்த்து நொந்து போயிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அதே போல மார்த்தாண்டம் தேனாக இருந்தாலும் சரி, மலைத் தேனாக இருந்தாலும் சரி, ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி விதை அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகலாம். ஊர் முத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முத்திரைகளைப் பிரித்துப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். 14 இலக்க எண்ணோடு வரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்பது உணவுப் பாதுகாப்பு உரிமம். அக்மார்க் என்பது விளைபொருளின் தரம். புவிசார் குறியீடு என்பது ஊரும் முறையும். ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக அர்த்தமில்லை.

நம்ம ஊரு மல்லாட்டை

கோவில்பட்டிக்காரர்களுக்குக் கடலை, நமக்கு மல்லாட்டை. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கம் தவிர வேறெங்காவது போய் 'மல்லாட்டை' என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். 'மணிலாக் கொட்டை' என்றும் சொல்கிறோம். பேரே சொல்கிறது, இது கடல் தாண்டி வந்த பயிர் என்று. பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆனால் பழைய தென்னாற்காட்டு மண்ணில் அது எப்படி வேரூன்றியது தெரியுமா? 19-ம் நூற்றாண்டிலேயே இங்கே விளைந்த மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி, எண்ணெய் ஆட்டப் பிரான்ஸ் நாட்டு மார்செய் நகரத்துக்குப் போனது. பாரம்பரியம் என்றால் ஆதியில் இங்கேயே முளைத்ததாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரு மண்ணும் அந்த மண்ணின் ஜனங்களும் தலைமுறை தலைமுறையாக அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிறந்த மல்லாட்டை, எள் ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பேர். அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. டி.எம்.வி. 2 மல்லாட்டை ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் போய்ப் புகழ் பெற்றது. ஆனால் இது ரகத்தின் பேர். விதையை எடுத்துப்போய் எங்கே விதைத்தாலும் அதே பேர்தான். ஊர் முத்திரை அப்படியல்ல, மண்ணைவிட்டு நகராது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மல்லாட்டையைப் பற்றிப் பேசும்போது வைத்தியனாக ஒரு வார்த்தை. ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்த கொட்டையில் 'அஃப்ளடாக்சின்' என்ற நஞ்சு உண்டாகும், ஈரலுக்கு ஆகாது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் கண்ணை மூடிக்கொண்டு எறியுங்கள். மிட்டாயில் நல்ல பேர் வேண்டுமென்றால் களத்தில் காய்ச்சலிலேயே கவனம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. விளைந்த பழம் வாங்க ஆளில்லாமல் தமிழ்நாட்டு விவசாயிகள் தவித்தார்கள். திண்டிவனம், மரக்காணம் பக்கமெல்லாம் தர்பூசணி விளைகிற பூமி. நம் ஜனங்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது போல இருந்தது. எந்த ஊர், யார் தோட்டம் என்ற அடையாளம் இல்லாத பொருளின் மீது பழி விழுந்தால், நல்லவனும் கெட்டவனும் சேர்ந்தே அடி வாங்குவான். 'இது இன்னார் தோட்டத்துப் பழம், வந்து பாருங்கள்' என்று சொல்ல வழி இருந்தால் பழியைத் துடைக்கலாம். ஊர்ப் பேருக்கு இப்படியும் ஒரு பிரயோஜனம்.

வாங்குவது எப்படி?

தனி ஆள் தன் சொந்தப் பேருக்கு வாங்க முடியாது. தயாரிப்பாளர் சங்கம், கூட்டுறவு அமைப்பு அல்லது அரசு அமைப்பு, ஊரார் நலனுக்காகக் கிண்டி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொருளின் தனிக்குணம் என்ன, அது மண்ணாலும் தண்ணீராலும் கைப்பக்குவத்தாலும் எப்படி வருகிறது, எல்லை எது என்ற வரைபடம், எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம், எல்லாம் கேட்பார்கள். நிபுணர் குழு பார்க்கும். பிறகு அரசு இதழில் வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று மூன்று மாதம் அவகாசம் தருவார்கள். அதெல்லாம் தாண்டினால் பதிவு. பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இதில் தடுக்கி விழுகிற இடம் ஆதாரம்தான். பழைய கெஜட்டில் ஒரு வரி, கோயில் கணக்கில் ஒரு குறிப்பு, தாத்தா காலத்து ரசீது, பழைய பத்திரிகை விளம்பரம், எல்லாம் சாட்சி. மஞ்சள் வழக்கில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டுப் பரணில் அப்படி எதாவது இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

முத்திரை கிடைத்ததும் கதை முடிந்துவிடாது. பதிவுக்குப் பிறகு ஒவ்வொரு தயாரிப்பாளரும் பயனாளராகத் தன் பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, பயனாளர் பட்டியலில் சேராமல் விட்டால் யாருக்கு லாபம்? பூட்டு வாங்கினோம், பூட்ட மறந்தோம் என்ற கதைதான்.

கடையில் நிற்கும்போது...

* 'ஒரிஜினல்', 'பாரம்பரிய', 'கிராமத்து' என்ற வார்த்தைகள் ஊர் முத்திரை ஆகிவிடாது. தயாரித்தவர் விலாசத்தைப் பாருங்கள். பேர் ஒரு மாவட்டம், விலாசம் வேறு மாவட்டம் என்றால் கேள்வி கேளுங்கள்.

* புவிசார் குறியீட்டுக்கென 2018-ல் நாடு முழுவதற்கும் பொதுவான சின்னம் ஒன்று வெளியிட்டார்கள். அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம், விசாரியுங்கள்.

* கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள். சீனி கலந்திருந்தால் உடைந்த இடத்தில் மினுமினுக்கும். இது கைப்பழக்கம்தான். உறுதியாகச் சொல்ல சோதனைக்கூடம் வேண்டும்.

* பட்டை வாங்கினால் தூளாக வாங்காதீர்கள். முழுசாக வாங்கி, சுருளைப் பார்த்து எடுங்கள்.

* மருந்துக்கு என்று கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு வாங்கும்போது தெரிந்த இடத்தில் வாங்குங்கள். ஆடாதோடைக் கஷாயத்தில் தேன் என்று நான் எழுதிக் கொடுத்து, நீங்கள் சீனிப் பாகை ஊற்றினால் பழி மருந்து மேல்தான் விழும்.

அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன்?

"அடுத்தவங்க ஊர்ப் பேரைப் போட்டு விக்கறது தப்பும்மா. உங்க கைப்பக்குவத்துக்கு உங்க ஊர்ப் பேரைப் போட்டு வில்லுங்க" என்றேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "எங்க ஊர்ப் பேரைப் போட்டா யாரு டாக்டரய்யா வாங்குவா? அந்தக் கவர்ல போட்டாத்தானே விலை கிடைக்குது? அதுலயும் எங்களுக்கு வர்றது கால்வாசிதான்."

சட்டம் படித்துவிட்டு அறிவுரை சொல்ல வந்த எனக்கு வாயடைத்துப் போனது. உண்மைதானே? உடன்குடிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் அங்கே பல காலம் அதே பேரில் விற்றவர்கள், அதே பேரைக் கேட்டு வாங்கியவர்கள். நம் பக்கத்துப் பனைக்கு அந்தப் பேர் இன்னும் சேரவில்லை. வேறு ஊர்ப் பையில் போய்க்கொண்டே இருந்தால் ஒருநாளும் சேராது. இருபது வருஷம் கழித்து நம் பனையேறி மக்கள் முத்திரை கேட்டுப் போனால், 'உங்கள் கருப்பட்டிக்குப் பேர் இருந்ததற்கு ஆதாரம் எங்கே?' என்றுதான் கேட்பார்கள். காட்ட என்ன இருக்கும்? உடன்குடி என்று அச்சடித்த காலிப் பைதான் இருக்கும்.

அதனால் ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தயாரிப்பாளராகப் பதிவு செய்துகொள்ளச் சொன்னேன், பிள்ளை போய்ச் செய்து வந்திருக்கிறான். இந்தப் பருவத்தில் காய்ச்சியதில் ஒரு பங்கை வியாபாரிக்குக் கொடுக்காமல், ஊர்ப் பேரும் காய்ச்சிய தேதியும் எழுதி விற்கிறார்கள். எத்தனை கிலோ, யாருக்கு, என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மருந்துக்குக் கருப்பட்டி வேண்டுமென்று கேட்கிறவர்களை அங்கே அனுப்புகிறேன். மீதிப் பங்கு இன்னும் அந்தப் பளபளப்புப் பையில்தான் போகிறது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் ஊரில் எந்தப் பண்டத்தை வெளியூர்க்காரர்கள் விசாரித்து வாங்கிப் போகிறார்களோ, அதை ஊர்ப் பேர் சொல்லி வாங்குங்கள், ஊர்ப் பேர் சொல்லி விருந்தாளிக்குக் கொடுங்கள். பாட்டியிடம் பக்குவத்தைக் கேட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள். கிண்டியில் கிடைக்கும் சர்ட்டிபிகேட்டுக்கு முதல் சாட்சி நீங்கள் எழுதும் அந்த நோட்டுதான்.

அந்த அம்மா போன வாரம் மறுபடி வந்தார். மூட்டு வலி பரவாயில்லை. கையில் ஒரு பனையோலைக் கொட்டான். மேலே ஒரு சீட்டு, பிள்ளையின் கையெழுத்தில் ஊர்ப் பேர்.

"இந்தத் தடவை நம்ம பேர்லயே எடுத்தாந்தேன் டாக்டரய்யா" என்றார்.